கிழட்டு நாயை வீட்டுக்குக் கூட்டி வருவது எப்படி: ஒரு கண்டக்டரின் கணக்கு நோட்டிலிருந்து

எங்கள் நாய் மணிக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. நாய்க் காப்பகத்து டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "பத்து இருக்கும், கூடவும் இருக்கலாம்" என்றார். எனக்கு 62. இரண்டு பேருக்கும் முட்டிவலி. நான் இருப்பது ஆதம்பாக்கத்தில், லிஃப்ட் இல்லாத பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்தில், இரண்டாவது மாடி. நான் செய்த முதல் தப்பு அந்தப் படிக்கட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான்.

மணி 22 கிலோ. வந்த அன்று எட்டுப் படி ஏறி உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றுக்குப் போகக் கீழே தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு நாளைக்கு நாலு நடை. நாலாம் நாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போது கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "பகல்ல இங்கயே படுத்துக்கட்டுமே, எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் மணியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டிருப்பேன். வயதான நாயை ஒரு வீடு தனியாக இழுத்துக்கொண்டு போவது கஷ்டம். நாலு வீடு சேர்ந்தால் முடியும். கீழே எழுதியிருப்பது அந்த நாலு வீட்டைச் சேர்க்கிற வழியும் சேர்த்துத்தான்.

முதலில் போய்ப் பார்ப்பது

காப்பகத்துக்கு ஒரே தடவை போய் முடிவு எடுக்காதீர்கள். நான் மூன்று தடவை போனேன். முதல் தடவை குட்டிகளைத்தான் கண் தேடும், அது இயல்பு. ஒரு தடவையாவது சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தட்டுக்குப் பக்கத்தில் வேறு நாய் வந்தால் என்ன செய்கிறது, மெல்ல முடிகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா என்று பாருங்கள். வாயில் கெட்ட நாற்றமும் ஒரு பக்க மெல்லலும் சேர்ந்திருந்தால் பல்லுக்குச் செலவு இருக்கிறது என்று அர்த்தம்.

கயிறு போட்டு அரை மணி நேரம் நடத்திப் பாருங்கள். எழுந்திருக்கும்போது பின்னங்கால் தடுமாறி, நாலு எட்டு வைத்ததும் சரியானால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். கண்ணில் நீலம் கலந்த புகை மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். வயதானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது அது, பார்வை ஓரளவு நன்றாகவே இருக்கும். பால் மாதிரி வெள்ளையாக மறைத்திருந்தால் அது புரை. மணிக்கு ஒரு கண் நீலப்புகை, ஒரு கண் புரை.

காப்பகத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கருத்தடை ஆகியிருக்கிறதா? தெருவில் பிடித்துக் கருத்தடை செய்த நாய்க்குக் காதில் சின்ன வெட்டு இருக்கும். பெண் நாயாக இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். கருத்தடை ஆகாத நாய்க்கு வயதில் கருப்பையில் சீழ் கட்டலாம், அது உயிருக்கே ஆபத்து. உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறதா? குழந்தை, பூனை கண்டால் எப்படி? கடைசியாக ரேபிஸ் ஊசி எப்போது? எல்லாம் கேட்டுவிட்டு, சரிப்பட்டு வராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையாகப் பதில் சொல்கிற இடம்தான் நல்ல இடம்.

என் மனைவிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "வயசான நாய் நம்மகிட்ட ஒட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று காப்பகத்துக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மணி முதல் மூன்று நாள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். நான் கூப்பிடவில்லை, தடவவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பதினேழாம் நாள் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கினான். மனைவி அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

டாக்டரும் தண்ணீர் பாட்டிலும்

முதல் வாரத்திலேயே கால்நடை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்கத் தயாராக இருந்தால் அங்கேயே பல பிரிவுகளையும் பார்த்துவிடலாம். போவதுதான் பாடு. வேலையில் இருந்தபோது நாய்க்குட்டியோடு ஏறியவர்களை நானே எத்தனை பேரை இறக்கி விட்டிருக்கிறேன்! இப்போது எந்த முகத்தோடு பஸ்ஸில் கேட்பது? எங்கள் தெரு ஆட்டோக்காரரிடம் பேசிவைத்தோம். சீட்டில் பழைய போர்வை நாங்கள் விரித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

இரத்தப் பரிசோதனையோடு சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் பார்க்கச் சொல்லுங்கள், சென்னையில் அது சகஜம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஒரு நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து வையுங்கள். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லி என்ற கணக்கைத் தாண்டினால் உள்ளே ஏதோ கோளாறு. மணிக்கு 2.2 லிட்டர் எல்லை. அவன் மூன்று பாட்டில் காலி செய்தான். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியிருந்தது, சிறுநீரகக் கோளாறு. வயதான நாய்தானே, வெயிலுக்குக் குடிக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த இடத்தில் யாரும் செய்துவிடக் கூடாத ஒன்று, வீட்டுக்குள் நனைக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது. கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். இப்யூப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் பூனையைக் கொன்றே விடும். மணிக்குச் சிறுநீரகம் சரியில்லாததால் நாய்களுக்கென்றே உள்ள வலி மாத்திரைகூட வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். அதனால் வலியைக் குறைக்க எங்களிடம் மிச்சம் இருந்த வழி தரையைச் சரிசெய்வதுதான்.

தரை, தட்டு, ராத்திரி

டைல்ஸ் தரை வயதான நாய்க்கு எண்ணெய் கொட்டிய மாதிரி. படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை சாக்கைப் பிரித்துத் தைத்து விரித்தோம். கீழே வழுக்காமலிருக்க ரப்பர் மேட் துண்டுகள். நகம் நீண்டிருந்தாலும் வழுக்கும், வெட்டிவிடுங்கள். கிண்ணத்தைச் சின்ன ஸ்டூல் மேல் வைத்தால் கழுத்தைக் குனிய வேண்டாம்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாதீர்கள். காப்பகத்தில் போட்டதையே கேட்டு வாங்கி, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்துகொண்டு வாருங்கள். எங்கள் அடுக்ககத்தில் பெரிய சண்டையே பிரியாணியால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தைப் பாசமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அதில் வெங்காயம், பூண்டு, வேகவைத்த கோழி எலும்பு மூன்றும் இருக்கிறது. முதல் இரண்டும் நாயின் இரத்த அணுவை உடைக்கும், மூன்றாவது குடலைக் கிழிக்கும். க்ளூகோஸ் பிஸ்கட்டும் அப்படித்தான், ஆளுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு வீட்டுக்கு இருபத்துநாலு. எடை கூடினால் முட்டிதான் தாங்க வேண்டும். கடைசியில் "மணிக்குச் சாப்பாடு போட்டாச்சு" என்று ஒரு அட்டை எழுதிப் படிக்கட்டுக் கம்பியில் மாட்டினேன். போட்டவர் அதைத் திருப்பி வைக்க வேண்டும். பஸ்ஸில் போர்டு திருப்பிய கை அல்லவா.

ராத்திரி எழுந்து சுற்றிச் சுற்றி நடந்தால், மூலையில் போய் நின்று விழித்தால் அது சேட்டை இல்லை. மனிதருக்கு வரும் மறதி நோய் மாதிரி நாய்க்கும் உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள். நைட் லேம்ப் ஒன்று போட்டு வையுங்கள், பீரோவையும் கட்டிலையும் இடம் மாற்றாதீர்கள். நடக்கக் கூட்டிப் போவது காலை ஆறரைக்கு முன்னால். ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

பன்னிரண்டு வீட்டைச் சேர்ப்பது

முதலில் எதிர்ப்பு வந்தது எங்கள் சங்கச் செயலாளரிடமிருந்து. அடுக்ககத்தில் நாய் கூடாது என்று தீர்மானம் போடலாம் என்றார். போட முடியாது. விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, செல்லப் பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது. அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன், ஆனால் நீட்டவில்லை. சட்டத்தைக் காட்டினால் வாய் மூடும், கதவு திறக்காது. அதற்குப் பதிலாக மணியின் ரேபிஸ் ஊசிச் சான்றையும் மாநகராட்சி லைசென்ஸையும் எல்லோரும் பார்க்க வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாதிப் பயம் அதிலேயே போய்விட்டது.

அப்புறம், "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவர்களால் முடிகிற ஒரு சின்ன வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ப்ளஸ் ஒன் பையன் மாலை நடை. தையல்காரப் பெண்மணி பழைய ஜீன்ஸை வெட்டி இரண்டு மெத்தை உறை, ஒன்று துவைக்கும்போது ஒன்று. நைட் ஷிப்ட் முடிந்து வருகிற ஐ.டி. தம்பி விடியற்காலை மாத்திரை. ஒன்பது வீடு மாதம் 100 ரூபாய். வரவும் செலவும் நான் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போடுவேன். முப்பது வருஷம் பஸ்ஸில் வே பில் என்ற டிக்கெட் கணக்குத் தாள் எழுதிய கை, பைசா குறையாது. பணம் வசூலித்தால் கணக்குக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் பேச்சு வரும்.

வீட்டில் நாய் வைக்க முடியாதவர்கள் காப்பகத்துக்குச் செய்யலாம். 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் வேளச்சேரி ரோட்டில் இருக்கிறது, வேறு சின்ன காப்பகங்களும் ஊர் முழுக்க உண்டு. எதைக் கொண்டுபோவதானாலும் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் பழைய செய்தித்தாள், துவைத்த பெட்ஷீட், சாக்கு, அரிசி. நாங்கள் மாதத்தில் முதல் ஞாயிறு பேப்பர்க் கட்டு சேர்த்துக்கொண்டு போகிறோம். பிறந்தநாளுக்கு மொத்தமாக ஐயாயிரம் கொடுப்பதைவிட மாதம் முந்நூறு அவர்களுக்கு உபயோகம், ஏனென்றால் சாப்பாட்டுச் செலவு மாதாமாதம் வருகிறது. செல்போன் நன்றாகப் படம் எடுக்குமா? வயதான நாய்களைக் கூண்டுக்கு வெளியே, காலை வெளிச்சத்தில், அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுத்துக் கொடுங்கள். அதோடு என்ன நோய், என்ன மருந்து என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்துக் கொடுத்த நாய் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். தீபாவளிக்கு நாலு நாள் மட்டும் ஒரு நாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக எழுதி வைக்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. யாருக்கும் பிடிக்காத பக்கம். ராத்திரியில் மூச்சுத் திணறினால் எந்த டாக்டர், எந்த ஆட்டோ, வலி தாங்காத நிலை வந்தால் உயிரை அமைதியாக முடிக்கும் ஊசி போடுவதா என்று முடிவு சொல்வது யார், புதைப்பது எங்கே. நன்றாக இருக்கும்போதே பேசி எழுதி ஒட்டிவிடுங்கள். அழுதுகொண்டு நம்பர் தேட முடியாது. எங்கள் நோட்டில் முடிவு சொல்கிறவர் என்ற இடத்தில் என் பெயரும் கீழ்வீட்டு அம்மா பெயரும் இருக்கிறது.

மணி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தண்ணீர் இப்போது இரண்டு பாட்டிலுக்குக் கொஞ்சம் மேல். செயலாளர் இன்னும் அவனைத் தொட்டதில்லை, தாண்டிப் போகும்போது வேட்டியை ஒதுக்கிக்கொள்வார். ஆனால் முதல் தேதியன்று வரும் முதல் நூறு ரூபாய் அவருடையதுதான்.