‘மஸ்ட் நாட்’ என்றால் ‘வேண்டாம்’ இல்லை: ஆங்கிலம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண தரச் சோதனை முடிந்த கையோடு ஆங்கில வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்து சேருவார்கள். வெளிநாடு போக ஆயத்தப்படுகிறவர்களும் கந்தோர் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களும் கூடவே வருவார்கள். ஆட்கள் மாறினாலும், கொப்பிகளில் நான் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிற இடங்கள் மாறுவதில்லை. நான் படித்த காலத்தில் தடுக்கிய அதே இடங்கள்தான். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படிப்பு நேற்று வந்தது இல்லை. வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிய காலத்திலிருந்து படிக்கிறோம். இந்தத் தவறுகளை மட்டும் இன்னும் கைவிடவில்லை.

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். இந்த ஒன்பது துணைவினைகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இவற்றுக்குப் பின்னால் வினை வெறுமனே நிற்கும். இடையில் ‘டு’ வராது, எழுவாய் ‘ஹி’ ஆனாலும் ‘எஸ்’ ஒட்டாது. ‘ஹி கேன்ஸ்’ என்று ஏன் சொல்வதில்லை என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. கேன், மே, ஷல் போன்றவற்றின் நிகழ்கால வடிவம் மிகப் பழைய காலத்தில் இறந்தகால வடிவமாக இருந்தது. இறந்தகாலத்தில் அந்த ‘எஸ்’ வராதல்லவா? அதுதான் இன்றும் அப்படியே இருக்கிறது. சரி, இதெல்லாம் கொஞ்ச நாள் எழுதினாலே கைக்கு வந்துவிடும். விட்டுவிடுவோம்.

‘மஸ்ட் நாட்’

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இதுதான். பிள்ளைகள் மேல் அல்ல, அவர்களுடைய கொப்பியில் இருக்கிற அட்டவணை மேல். இடது பக்கம் ‘மஸ்ட்’, வலது பக்கம் ‘வேண்டும்’. அடுத்த வரியில் ‘மஸ்ட் நாட்’, நேரே ‘வேண்டாம்’. எங்கேயோ யாரோ எழுதிக் கொடுத்ததை வருடக்கணக்காகப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. அதனால்தான் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை.

தமிழில் ‘நீங்கள் வர வேண்டாம்’ என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, வரக்கூடாது என்று மறிப்பது. மற்றது, வந்து மினக்கெடத் தேவையில்லை என்று அன்போடு சொல்வது. குரலும் முகமும் எது என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘மஸ்ட் நாட்’ மறிப்பது மட்டும்தான். தேவையில்லை என்பதற்கு ‘டோன்ட் ஹாவ் டு’ அல்லது ‘நீட் நாட்’ இருக்கிறது. ‘மஸ்ட்’, ‘ஹாவ் டு’ இரண்டும் உடன்பாட்டில் கிட்டத்தட்ட ஒரே பொருள் தருவதால்தான் இவ்வளவு குழப்பமும். ‘நாட்’ சேர்ந்ததும் இரண்டும் வேறு வேறு திசைக்குப் போய்விடும். ‘மஸ்ட் நாட் கோ’ என்றால் போகாமல் இருப்பது கட்டாயம். ‘டோன்ட் ஹாவ் டு கோ’ என்றால் போவது கட்டாயமில்லை, விரும்பினால் போகலாம்.

இதனால் ஒரு குடும்பத்துக்குள் வந்த மனஸ்தாபத்தைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்திக்கு வேலை கிடைத்தது. அவளுடைய படிப்புச் செலவுக்கு ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பாவின் மகன்தான் மாதாமாதம் காசு அனுப்பி வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. அவருக்கு வேலைச் செய்தியை நன்றியோடு எழுதிவிட்டு, கடைசியில் இவள் போட்ட வரி: ‘அண்ணா, யூ மஸ்ட் நாட் சென்ட் மணி எனி மோர்.’ இனிமேல் நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்பது அவள் மனதில் இருந்தது. இனிமேல் காசு அனுப்பக்கூடாது என்பது அவர் வாசித்தது. இரண்டு நாளில் பெரியம்மா கோல் எடுத்து இவளின் தாயிடம் கேட்டார்: “எங்கட காசு இப்ப உங்களுக்குக் கூடாமல் போச்சுதோ?” தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அழுதுகொண்டு போனைக் கொண்டுவந்து எனக்கு அந்த வரியைக் காட்டினாள். ‘யூ டோன்ட் ஹாவ் டு’ என்று எழுதியிருந்தால் அண்ணன் சந்தோஷப்பட்டிருப்பார். அதை விளங்கப்படுத்தி முடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வாசிக்கும்போதும் இதே விபத்து நடக்கிறது. வேலை விளம்பரத்தில் ‘அப்ளிகன்ட்ஸ் நீட் நாட் ஹாவ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று இருந்ததைப் பார்த்து, அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கக்கூடாதாக்கும் என்று ஒரு பெடியன் விட்டுவிட்டான். அவனுக்கு இரண்டு வருட அனுபவம் இருந்தது. நல்ல வாய்ப்பு, வீணாகப் போய்விட்டது.

வழி ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதப் போகும்போது ‘வேண்டாம்’ என்ற சொல்லை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘கூடாது’ பொருந்துகிறதா, ‘தேவையில்லை’ பொருந்துகிறதா என்று பாருங்கள். கூடாது என்றால் ‘மஸ்ட் நாட்’, தேவையில்லை என்றால் ‘டோன்ட் ஹாவ் டு’. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஒரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆண்கள் மேற்சட்டையோடு போகக்கூடாது: ‘யூ மஸ்ட் நாட் வேர் எ ஷர்ட் இன்சைட்.’ உள்ளே போக நுழைவுச்சீட்டு வாங்கத் தேவையில்லை: ‘யூ டோன்ட் ஹாவ் டு பை எ டிக்கெட்.’ இரண்டையும் மாற்றிச் சொன்னால் அந்த மனுசன் வாசலில் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அட்டவணை உங்கள் கொப்பியில் இருந்தால் இன்றைக்கே வெட்டிவிடுங்கள்.

‘கேன் ஏபிள் டு’

ஒன்று போதும். ‘கேன்’ அல்லது ‘ஆம் ஏபிள் டு’.

சொல்லியிருக்க வேண்டும்

‘அவர் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்’ என்ற வரியைக் கொடுத்தால் வகுப்பில் பாதிப்பேர் ‘மஸ்ட் ஹாவ் டோல்ட்’ என்று எழுதுவார்கள். அது ஊகம்: கட்டாயம் சொல்லித்தான் இருப்பார். சொல்லாமல் விட்டாரே என்ற குறை என்றால் ‘ஷுட் ஹாவ் டோல்ட்’. முறைப்பாட்டுக் கடிதத்தில் இது மாறினால், நீங்கள் யார்மேல் குறை சொல்கிறீர்களோ அவருக்கே சாதகமாகச் சாட்சி சொன்னது போல ஆகிவிடும். நேற்றுச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார் என்றால் இரண்டும் இல்லை, ‘ஹாட் டு டெல்’. ‘மஸ்ட்’டுக்கு இறந்தகாலக் கட்டாயம் சொல்லத் தனி வடிவம் கிடையாது.

‘குட்’ எப்போதும் இறந்தகாலம் அல்ல

‘லாஸ்ட் இயர் ஐ குட் பாஸ் த எக்ஸாம்’ என்று சுயவிவரக் கடிதத்தில் எழுதுகிறார்கள். ஒரு தடவை முயன்று செய்து முடித்த காரியத்துக்கு ‘குட்’ போடுவதில்லை. ‘வோஸ் ஏபிள் டு பாஸ்’ அல்லது ‘மனேஜ்ட் டு பாஸ்’, இன்னும் நேராக ‘பாஸ்ட்’. சின்ன வயதில் எனக்கு நீந்த ஏலும் என்பது போலப் பொதுவாக இருந்த திறமைக்கு ‘ஐ குட் ஸ்விம்’ சரி. காணுதல், கேட்டல், மணத்தல் போன்றவற்றோடும் ‘குட்’ சரியாக வரும். ஏலாமல் போனது என்றால் எந்தத் தடையும் இல்லை: ‘ஐ குட்ன்ட் பாஸ்.’

துணைவினைக்குப் பின்னால் வருகிற சோடி

துணைவினை சரியாக இருக்கும், அதன் பின்னால் வருகிற வினையும் பெயரும் ஒட்டாமல் நிற்கும். நாங்கள் கோல் எடுக்கிற ஆட்கள். அதனால் ‘ஐ வில் டேக் எ கோல்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு, வருகிற கோலுக்குப் பதில் சொல்வது என்று பொருள். இருவரும் மற்றவர் எடுப்பார் என்று காத்திருக்க வேண்டியதுதான். ‘ஐ வில் கிவ் யூ எ கோல்’ என்று எழுதுங்கள். பிழை விடுவது ‘டூ எ மிஸ்டேக்’ அல்ல, ‘மேக் எ மிஸ்டேக்’. ‘வீ ஷுட் டிஸ்கஸ்’ என்றதும் நேரே விஷயத்துக்குப் போங்கள், நடுவில் ‘அபவுட்’ எதற்கு? காசு கட்டுப்படியாகாது என்பதற்கு ‘அஃபோர்ட்’ என்ற வினை இருக்கிறது. அது பெரும்பாலும் ‘கேன்’, ‘குட்’ துணையோடுதான் வரும்: ‘வீ கான்ட் அஃபோர்ட் த ஃபீஸ்.’

‘ஐ கான்ட் வெயிட் ஃபோர் யுவர் ரிப்ளை’ என்பதில் அவசரம் தெரியாது, ஆவல்தான் தெரியும். கட்டணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்துக்குக் கோபமாக எழுதுகிற கடிதத்தில் அதைப் போட்டு என்ன பயன்?

கடிதத்தில் ‘யூ மஸ்ட்’

‘தயவுசெய்து அனுப்ப வேண்டும்’ என்று தமிழில் பணிவாகக் கேட்கலாம். ‘ப்ளீஸ் யூ மஸ்ட் சென்ட்’ அதட்டல். ‘குட் யூ ப்ளீஸ் சென்ட்’ என்று எழுதுங்கள்.