விண்டோஸ் 11 மடிக்கணினியின் முழுத்திறனையும் பெற அமைப்புகளை மாற்றும் முறை

வாங்கியபோது சுறுசுறுப்பாக இருந்த மடிக்கணினி இரண்டே ஆண்டுகளில் மந்தமாகிவிட்டதாகப் பலரும் குறைப்படுகிறார்கள். அப்படிப்பட்ட கணினிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் வன்பொருளில் பழுது எதுவும் இருப்பதில்லை. நாம் கேட்காமலே தொடங்கிப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளே நினைவகத்தையும் மின்கலத்தையும் தின்றுகொண்டிருக்கும். ஆகவே, வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் மென்பொருளைப் புதிதாக நிறுவுவதைவிட, ஏற்கெனவே ஓடுவனவற்றில் தேவையற்றவற்றை நிறுத்துவதே முதல் வேலை. இங்கே சொல்லப்படும் வழிகள் விண்டோஸ் 11 இயங்குதளத்தை ஒட்டியவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்றாலும், இன்னும் அதைப் பயன்படுத்துபவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். பட்டிகள் இருக்கும் இடம் மட்டும் சற்று மாறும்.

எதையும் மாற்றுவதற்கு முன், கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். உலாவியில் பத்துப் பதினைந்து தாவல்கள், ஒரு வேர்டு கோப்பு என்று வழக்கமான வேலைகள் திறந்திருக்கும் நேரத்திலேயே அதன் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். மெமரி 60, 70 விழுக்காடு என்று காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. 90 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றால், நினைவகத்தில் இடம் போதாமல் தரவுகள் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம். அதே பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் இரண்டில் ஒன்று மட்டுமே பயன்படுவதாகக் காட்டினால், கூடுதல் நினைவகம் பொருத்த வழி இருக்கக்கூடும். அடுத்து டிஸ்க் என்பதைச் சொடுக்கினால், அது எஸ்எஸ்டியா (சுழலும் பாகமில்லாத வேகமான வட்டு) எச்டிடியா (சுழலும் தட்டுகள் கொண்ட பழைய வகை வட்டு) என்பது தெரியும். எச்டிடி என்று காட்டி, சாதாரண வேலைக்கே 100 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், எந்த அமைப்பை மாற்றினாலும் பெரிய பலன் இராது. அந்த வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதுதான் சரியான தீர்வு என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

வட்டில் குறையில்லை என்றால், டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்துக்குச் செல்லுங்கள். கணினி தொடங்கும்போதே தாமாகத் தொடங்கும் செயலிகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற நெடுவரிசை காட்டும். அந்த நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி, 'ஹை' என்று குறிக்கப்பட்டவற்றை மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஆராயுங்கள். அரட்டைச் செயலிகள், பாட்டுச் செயலிகள், விளையாட்டுக் கடைகள், அச்சுப்பொறியோடு வந்த துணைச்செயலிகள் ஆகியவற்றின்மேல் வலச்சொடுக்கிட்டு 'டிசேபிள்' செய்துவிடலாம். இதனால் அவை கணினியிலிருந்து நீங்கிவிடுவதில்லை. நாம் திறக்கும்போது மட்டும் திறக்கும். ஒலி, தொடுபலகை தொடர்பானவற்றையும் விண்டோஸ் செக்யூரிட்டியையும் மட்டும் தொட வேண்டாம். ஒன்டிரைவில் கோப்புகளைச் சேமித்து வருபவர்கள் அதையும் விட்டுவைப்பது நல்லது, ஏனெனில் அது ஓடாத நேரத்தில் கோப்புகள் ஒத்திசைவதில்லை. பல கணினிகளில் இதே பக்கத்தின் வலது மேல்மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று சில நொடிகள் குறிக்கப்பட்டிருக்கும். பயாஸ் என்பது வன்பொருளைத் தயார்செய்யும் அடிப்படை மென்பொருள். அது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும் நேரம் இது என்பதால், விண்டோஸ் செயலிகளை நிறுத்துவதால் இந்த நேரம் குறையாது.

உலாவியை மூடிய பிறகும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. குரோமின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியிலும், எட்ஜில் அதற்கு இணையான பகுதியிலும், மூடிய பின்னும் பின்னணியில் இயங்க அனுமதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு, அதை அணைத்துவிடுங்கள். குரோமில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' ஆகியவற்றை இயக்கினால், நெடுநேரம் பார்க்காத தாவல்கள் பிடித்துவைத்திருக்கும் நினைவகம் பெருமளவு விடுபடும். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இந்த ஒரு மாற்றமே கண்கூடாகத் தெரியும்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. தினமும் இரவில் கணினியை அணைத்துவிடுபவர் டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' என்பதைப் பார்த்தால், அது பல நாள்களாகத் தொடர்ந்து ஓடுவதாகக் காட்டலாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுக்கும்போது, இயங்குதளத்தின் மையப்பகுதியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே மீட்கப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்குகின்றன. ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தோற்ற அழகுக்கான அசைவுகளை விண்டோஸ் செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' பிரிவின் 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' பகுதியில் நிறுத்தலாம். பழைய கணினிகளில் சாளரங்கள் சட்டென்று திறப்பதுபோல் தோன்றும், அவ்வளவே. வட்டில் ஏறத்தாழ 15 விழுக்காடாவது காலியாக இருக்கட்டும். அதே செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று வரிசையாகச் சென்று தேவையற்ற கோப்புகளை நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியும் இருக்கும் என்பதால், அதில் குறியிடும் முன் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்துவிடுங்கள். சான்றிதழ்களும் வங்கி அறிக்கைகளும் பலருக்கு அங்கேதான் கிடக்கின்றன. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக இணையத்தில் இணைபவர்கள், அந்த வைஃபை இணைப்பின் பண்புகளில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்கினால், பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்கித் தரவைத் தீர்ப்பது தவிர்க்கப்படும்.

ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்தை) சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளையும், நினைவகத்தைக் காலி செய்வதாகச் சொல்லும் கருவிகளையும் அறவே தவிர்க்க வேண்டும். நினைவகத்தில் இருக்கும் தரவுகளை வலிந்து வெளியேற்றினால், அடுத்த நொடி அவற்றையே வட்டிலிருந்து மீண்டும் படிக்க வேண்டியிருப்பதால் கணினி இன்னும் மெதுவாகும். வேகத்துக்காக விண்டோஸ் அப்டேட்டையோ விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையோ நிறுத்தச் சொல்லும் அறிவுரையையும் ஏற்க வேண்டாம். கிடைக்கும் வேகம் சிறிது, ஏற்கும் ஆபத்து பெரிது.

இனி மின்கலத்துக்கு வருவோம். செட்டிங்ஸின் 'சிஸ்டம்' பிரிவில் 'பவர் அண்டு பேட்டரி' பக்கத்தில் 'பவர் மோடு' என்ற தெரிவு இருக்கிறது. மின்னிணைப்பில் இருக்கும்போது 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்', மின்கலத்தில் ஓடும்போது 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' என்று வைத்துக்கொள்ளலாம். அண்மைப் பதிப்புகளில் இரண்டையும் தனித்தனியே அமைக்க முடியும். திரை 120 அல்லது 144 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை முறை படம் புதுப்பிக்கப்படும் வேகத்தில்) இயங்குவதாக இருந்தால், 'டிஸ்ப்ளே' பகுதியின் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பக்கத்தில் அதை 60 ஆகக் குறைப்பதும், திரையின் வெளிச்சத்தைத் தணிப்பதும் மின்செலவைக் கணிசமாகக் குறைக்கும்.

மூடிப் பையில் வைத்த மடிக்கணினியைச் சில மணி நேரம் கழித்து எடுக்கும்போது சூடாகவும் மின்கலம் இறங்கியும் இருப்பது பலரின் அனுபவம். அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில் உறக்கநிலை என்பது முழு உறக்கமல்ல. உள்ளே இணைய இணைப்பும் சில பணிகளும் விழித்தே இருக்கும். இதற்குத் தீர்வு 'ஹைபர்னேட்'. கன்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில், மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தெரிவு செய்யும் இடத்தில், மின்கலத்தில் இயங்கும்போது ஹைபர்னேட் ஆகும்படி வைத்துவிடுங்கள். திறந்த கோப்புகள் வட்டில் சேமிக்கப்பட்டுக் கணினி முற்றாக அணைந்துவிடும். மீண்டும் விழிக்கச் சில நொடிகள் கூடுதலாகும் என்றாலும், நாள் முழுதும் வெளியில் அலைபவர்களுக்கு இது மிகப் பயன்படும்.

மின்கலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோஸே சொல்லும். ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு முன்சாய்கோடு (/) இட்டு, அதையொட்டி 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். அறிக்கை எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டது என்பது திரையில் தெரியும். அதை உலாவியில் திறந்து, 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' ஆகிய இரு எண்களையும் ஒப்பிடுங்கள். முதலாவது 50,000, இரண்டாவது 31,000 என்றிருந்தால், மின்கலத்தின் கொள்ளளவில் 62 விழுக்காடுதான் எஞ்சியிருக்கிறது என்று பொருள். பாதிக்கும் கீழே போய்விட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் மின்கலத்தைக் காப்பாற்ற, எந்நேரமும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்பவர்கள் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். லெனோவோ கணினிகளில் வான்டேஜ் செயலியிலும், ஏசுஸ் கணினிகளில் மைஏசுஸ் செயலியிலும் இதற்கான பொத்தான் இருக்கிறது. வேறு சில நிறுவனங்களின் கணினிகளில் பயாஸ் அமைப்புக்குள் தேட வேண்டியிருக்கும்.