முதல் காவடியும் பயபக்தியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் நெருங்கினால் மொரீஷியஸில் முதல் காவடி எடுக்கும் தம்பிகள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். பத்து நாள் விரதம், மரக்கறிச் சாப்பாடு எல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்கவில்லை.

பால் திரிந்தால் சாமி கோபம் என்று முடிவுகட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் கொதிக்கிறது.

காவடியின் இரு முனையிலும் பித்தளைச் சொம்பில் பால் கட்டுகிறோம். ஆற்றங்கரையில் குளித்துப் புறப்பட்டு, கொதிக்கும் தார் ரோட்டில் நடந்து கோயில் சேரும்போது பால் திரியாமல் இருந்தால் முருகன் அருள் என்கிறோம். நானும் நம்புகிறேன். என் முதல் காவடியில் சொம்பைத் திறந்தால் பால் கட்டி கட்டியாக மிதந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "விரதத்தில் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறாய், சாமி ஏற்கவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நாக்கில் அலகு. பதில் பேசவும் வழியில்லை.

அப்புறம் இரண்டு வருஷம் வாசலோடு கும்பிட்டுத் திரும்பினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பால்தான் ஞாபகம் வரும். ஒரு நாள்கூடச் சந்தோஷமாகக் கும்பிடவில்லை.

மூன்றாம் வருஷம் அத்தை கேட்டார்: "சொம்பை எதைப் போட்டுத் தேய்த்தாய்?" புளி. "எத்தனை தண்ணீர் விட்டு அலசினாய்?" ஒரே தண்ணீர். விளிம்பு மடிப்பில் ஒட்டியிருந்த புளி போதாதா, ஜனவரி வெயிலில் பால் திரிய! "அவர் உன்னை அடிக்கக் காத்திருக்கவில்லைடா. அவருக்குக் கொண்டுபோகிற பாத்திரம் என்ற பயம் உனக்கு இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

அந்த வருஷம் மடிப்புக்குள் விரல் விட்டுத் தேய்த்தேன், அலசினேன், முகர்ந்து பார்த்தேன், மறுபடி அலசினேன். கை நடுங்கியது. முன்பு பயந்தபோது ஓடத் தோன்றியது. இப்போதோ சந்நிதிக்கு இன்னும் கிட்டப் போகத் தோன்றியது. பால் தளும்பிவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்ததில் கடனும் கவலையும் தலைக்குள் வரவேயில்லை. அபிஷேகத்தில் என் சொம்புப் பால் வேல்மேல் வழிந்தபோது அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

பயமே வேண்டாம் என்பது

பெரியவர்கள் மிரட்டியதில் வெறுத்துப்போய், "சாமி நம்ம தோழன்தானே" என்று போனைப் பார்த்துக்கொண்டே காவடி தூக்குகிறவர்களும் உண்டு. இடும்பன் கதையை நினைத்துப் பாருங்கள். சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தோளில் தூக்கிவந்தவன், பழனியில் சின்னப் பையன்தானே என்று முருகனோடு மோதி விழுந்தான். உயிர் திரும்பியதும் அவன் கேட்டது வாசலில் காவல் நிற்கும் வேலை! அந்த வாசலில் நிற்பதில் அவனுக்கு என்ன குறை? பழனி மலை ஏறுகிறவர்கள் இன்றும் வழியில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

அடுத்தவர் அலகை எண்ணுவது

எண்ணாதீர்கள்.

திரிந்த பாலோடு வருகிறவனைத் திட்டுவது

போன வருஷம் ரோஸ் வேட்டியில் ஒரு தம்பி சொம்பைப் பார்த்து விறைத்து நின்றான். தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். குருக்கள் வேறு சொம்பில் பால் கொடுத்து, "ஊற்றுப்பா" என்றார். ஊற்றினான். சொம்பை எதைப் போட்டுத் தேய்த்தாய் என்று வெளியே வந்த பிறகுதான் கேட்டேன்.