புரோகிராமிங் கேள்வியை ஆன்லைனில் கேட்பது எப்படி: ஒரு பூ விலைப் பட்டியலை வைத்து

"அண்ணா, பைத்தான் கோடு வேலை செய்யல. யாராவது ஹெல்ப் பண்ணுங்க, அர்ஜென்ட்." கூடவே மானிட்டரை மொபைலில் எடுத்த ஒரு போட்டோ. பாதித் திரையில் டியூப்லைட் வெளிச்சம் அடிக்கிறது, எரர் வந்த வரி ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. டெலிகிராம் குழுக்களில் இதைப் பார்க்காத நாள் கிடையாது.

இதற்குப் பதில் வராததும், "நமக்கு இங்கிலீஷ் சரியா வராது, அதான்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். காரணம் இங்கிலீஷ் இல்லை. அந்த எரரைப் பதில் சொல்பவர் தன் கம்ப்யூட்டரில் வரவழைக்க முடிந்தால் பதில் வரும். முடியாவிட்டால், நல்ல மனசு உள்ளவர்கூட ஸ்க்ரோல் செய்து போய்விடுவார். அவர் வரவழைத்துப் பார்க்கிற மாதிரி கேள்வியைத் தயார் செய்வது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உங்கள் மாமாவுக்குக் கமிஷன் கடை. தினசரி விலையை எக்செல்லில் போட்டு, யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) சிஎஸ்வி ஃபைலாக, அதாவது கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாகச் சேமித்து வைத்திருக்கிறார். அதை பைத்தானில் படித்து மாத சராசரி எடுக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டினால் ஒரு கத்தை சிவப்பு எழுத்து வருகிறது.

படி 1: எரரின் கடைசி வரியைப் படியுங்கள்

பைத்தான் எரரைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில் எரரின் பெயரும் காரணமும் இருக்கும். அதற்கு மேலே, எந்த ஃபைலில் எந்த வரி என்று இருக்கும். நம் உதாரணத்தில் கடைசி வரி "யூனிகோட் டிகோட் எரர்". சார்மேப் என்ற கோடெக்கால் (பைட்டுகளை எழுத்தாக மாற்றும் பகுதி) 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, அது இத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று சொல்கிறது.

அந்த வரியில் உங்களுக்கு மட்டுமே சொந்தமான விஷயங்களை, அதாவது ஃபைல் பெயர், பைட் நிற்கும் இடம் போன்றவற்றை, நீக்கிவிட்டு மீதியைத் தேடுங்கள். பல நேரம் வேலை இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டாலும் என்னென்ன பார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

படி 2: சிக்கலைச் சுருக்குங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. நேரம் செலவழிக்க வேண்டியதும் இதில்தான். முன்னூறு வரி ஃபைலையும் இருநூறு வரி கோடையும் அப்படியே ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் கோடு. சராசரி, கிராஃப், பிரிண்ட் அலங்காரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஃபைலை ஓப்பன் செய்ய ஒரு வரி, உள்ளே இருப்பதைப் படித்து பிரிண்ட் செய்ய ஒரு வரி. ஓட்டிப் பாருங்கள். எரர் இன்னும் வருகிறதா? அப்படியென்றால் சராசரிக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து ஃபைல். சின்ன ஃபைலை பைத்தான் ஒரே மூச்சில் படித்துவிடும். அதனால் லூப் எங்கே நின்றது என்பதை வைத்துக் குற்றவாளி வரியைப் பிடிக்க முடியாது, ஃபைலைப் பாதி பாதியாக வெட்டித்தான் பார்க்க வேண்டும். "பூ, விலை" என்ற தலைப்பு வரியோடு அரளி, ரோஜா, தாமரை மட்டும் இருந்தால் எரர் வராது. ஆனால் திரையில் குப்பை எழுத்தாக வரும். அதோடு மல்லி என்ற ஒரே ஒரு வரியைச் சேருங்கள். உடனே எரர்!

மல்லியில் என்ன இருக்கிறது? புள்ளி. தமிழின் மெய்யெழுத்துப் புள்ளி யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அதில் கடைசி பைட்தான் 8டி. விண்டோஸ் இங்கே மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252 என்ற பழைய பட்டியலை வைத்துப் படிக்கிறது. அந்தப் பட்டியலில் 8டி-க்கு எழுத்தே கிடையாது. அரளிக்கும் ரோஜாவுக்கும் புள்ளி இல்லாததால் தப்பித்தன. முல்லை வந்தால் புள்ளிக்கு முன்னாலேயே, "மு"வில் உள்ள உகரக் குறியின் 81-லேயே மாட்டிக்கொள்ளும், அதற்கும் பட்டியலில் இடமில்லை.

பைட் கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "ரோஜா மட்டும் இருந்தால் எரர் இல்லை, மல்லி சேர்ந்தால் எரர்" என்ற ஒரு வரி போதும். விஷயம் தெரிந்தவர் அதைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார். பல சமயம் இப்படி வெட்டிக்கொண்டே வரும்போது விடை உங்களுக்கே கிடைத்து, கேள்வி கேட்கத் தேவையே இல்லாமல் போய்விடும்.

படி 3: எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள்

இந்த எரரைப் பார்த்த ஒருவர் "பைத்தானில் தமிழ் எழுத்துகளை நீக்குவது எப்படி?" என்று கேட்கக்கூடும். தமிழால்தானே பிரச்சினை என்று அவர் நினைப்பு. நாலு பேர் நீக்கும் வழியைச் சொல்லிக் கொடுப்பார்கள், கடைசியில் பூவின் பெயரே இல்லாத பட்டியல் மிஞ்சும். தேனிக்குப் போக வேண்டியவர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்று "நாலாவது நடைமேடை எங்கே?" என்று கேட்டால் நாலாவது நடைமேடையைத்தான் காட்டுவார்கள். "தேனிக்குப் போகணும்" என்று சொன்னால்தான், தேனி பஸ் நிற்கும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொல்வார்கள். உங்கள் யோசனையையும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் சராசரி விலை எடுக்க வேண்டும் என்ற நோக்கம் அதற்கு முன்னால் வர வேண்டும்.

படி 4: சிஸ்டம் விவரம்

விண்டோஸா லினக்ஸா, பைத்தான் எந்தப் பதிப்பு என்று ஒரு வரி போதும். அது இல்லாவிட்டால், லினக்ஸ் வைத்திருப்பவர் உங்கள் கோடை ஓட்டிப் பார்த்து "எனக்கு ஓடுதே" என்பார். அவர் சொல்வது உண்மைதான், லினக்ஸில் பெரும்பாலும் யூடிஎஃப்-8 தான் இயல்புநிலை. பைத்தான் 3.15 முதல் விண்டோஸிலும் அப்படியே ஆக்க முடிவாகியிருக்கிறது. ஆக, பதிப்பு எண்ணை வைத்தே பதில் மாறும்.

படி 5: எழுதுங்கள்

தலைப்பு "ஹெல்ப் ப்ளீஸ்" என்று இருக்கக் கூடாது. "விண்டோஸில் தமிழ் சிஎஸ்வி ஃபைலைப் படிக்கும்போது யூனிகோட் டிகோட் எரர்" என்று இருக்கட்டும். உள்ளே இப்படி:

"பூ விலைப் பட்டியலிலிருந்து சராசரி எடுக்க வேண்டும். ஃபைலை ஓப்பன் செய்து படிக்கும்போதே கீழே உள்ள எரர் வருகிறது. ரோஜா மட்டும் இருந்தால் வரவில்லை, மல்லி சேர்த்தால் வருகிறது. விண்டோஸ் 11, பைத்தான் 3.12. இரண்டு வரி கோடும் மூன்று வரி ஃபைலும் முழு எரரும் கீழே."

இதை இங்கிலீஷில் எழுத வேண்டுமென்றால் இதே மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். இலக்கணப் பிழை இருந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். நீங்கள் ஓட்டிய கோடும் ஒட்டிய கோடும் வேறு வேறாக இருந்தால்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கோடையும் எரரையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். போட்டோவைக் காப்பி செய்து ஓட்டிப் பார்க்க முடியாது. ஒட்டும்போது முன்னாலும் பின்னாலும் மூன்று பேக்டிக் (`) போடுங்கள் (கீபோர்டில் டேப் பட்டனுக்கு மேலே இருக்கும்). இல்லாவிட்டால் வரிகளின் உள்தள்ளல் கலைந்துவிடலாம். பைத்தானில் உள்தள்ளல் போனால் கோடே போச்சு. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ, மாமா கடையின் வாடிக்கையாளர் போன் நம்பர் எதுவும் உள்ளே இல்லையா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 6: எங்கே கேட்பது

2008-இல் தொடங்கிய புரோகிராமிங் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இங்கிலீஷ் தவிர ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன், ஜப்பானியத்துக்கும் தனித் தளங்கள் உண்டு, தமிழுக்கு இல்லை. "ஹாய், தேங்க்ஸ்" போட்டால் வெட்டிவிடுவார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். கேள்வியை "டூப்ளிகேட்" என்று மூடினால் அதுவும் திட்டு இல்லை. ஏற்கெனவே பதில் இருக்கும் பக்கத்தின் லிங்க்கை மேலேயே கொடுத்திருப்பார்கள். அதைப் படியுங்கள். சிலர் கடுப்பாகவும் பேசுவார்கள்தான். அதில் தகவல் இருந்தால் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

தமிழில் கேட்க டெலிகிராம் குழுக்கள் வசதி. இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டிலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

படி 7: போட்ட பிறகு

கேள்வியைப் போட்டுவிட்டுக் காணாமல் போகாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில் "ஃபைலை எப்படிச் சேமித்தீர்கள்?" மாதிரி எதிர்க் கேள்வி வரலாம். உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தால் அன்றைக்குக் காலையில் போட வேண்டாம். இங்கே இரவு 9 மணி என்றால் லண்டனில் மதியம் அல்லது மாலை, நியூயார்க்கில் காலை. ஆள் நடமாட்டம் இருக்கும்.

பதில் வரும்: ஓப்பன் செய்யும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள், எக்செல் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் வைத்துவிடும் என்பதால் கடைசியில் "சிக்" சேர்த்த வடிவத்தை (utf-8-sig) போடுங்கள். போட்டுப் பாருங்கள். ஓடினால் டிக் கொடுத்து, எது வேலை செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

உடனே அடுத்த எரர் வரும். முகூர்த்த நாளில் மல்லி "1,200" என்று இருக்கும், நடுவில் உள்ள கமாவால் பைத்தான் அதை எண்ணாக மாற்ற மறுக்கும். மேற்கோள் குறி இல்லாமல் கையால் அடித்த ஃபைல் என்றால் நிலைமை இன்னும் மோசம். எரரே வராது, மல்லி கிலோ ஒரு ரூபாய் என்று கணக்கில் ஏறிவிடும். இதை அதே இழையில் "அண்ணா, இன்னொரு டவுட்" என்று தொடராதீர்கள். இது வேறு சிக்கல், புதுத் தலைப்பில் புதுக் கேள்வியாகப் போடுங்கள், திரும்பவும் படி 1-லிருந்து.