உடற்பயிற்சி இலக்கு: எண்ணுக்கு முன் காரணத்தை எழுதுங்கள்

உடற்பயிற்சியைத் தொடங்க முடிவு செய்பவர்களில் பலர் நோட்டுப் புத்தகத்தில் முதலில் எழுதுவது ஓர் எண்ணைத்தான்: பத்து கிலோ குறைய வேண்டும், தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். இந்தப் பத்தாயிரம் என்ற கணக்கு, 1965ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ கெய்’ என்னும் கருவியால் பரவியது. பெயருக்குப் பொருளே ‘பத்தாயிரம் அடி அளவி’. பொருள் விற்பதற்காக வைத்த பெயர் நாளடைவில் உலகத்தின் இலக்காகிவிட்டது. நடப்பது நல்லதுதான், ஆனால் அந்த எண் உங்கள் வாழ்க்கையைப் பார்த்து யாரும் கணக்கிட்டது அல்ல.

முதல் படி: ஒரு வாரம் வெறுமனே கவனியுங்கள்

பயிற்சி எதையும் தொடங்காமல், உடல் உங்களுக்குத் தடையாக இருந்த தருணங்களையும் துணையாக இருந்த தருணங்களையும் இரவில் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று பொதுவாக எழுதாமல், எங்கே, எப்போது, எது என்று குறிப்பிடுங்கள். நானும் முன்பு பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து எடைக்கு இலக்கு வைத்து, நான்காவது வாரத்தில் கைவிட்டவன். பிறகு இப்படிக் குறிப்பெழுதியபோது கிடைத்த ஒரு வரி: ‘தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன், இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.’ எனக்கு என்ன தேவை என்பதை அந்த ஒரு வரி சொன்ன அளவுக்கு எடை காட்டும் இயந்திரம் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டாம் படி: தேவையையும் விழுமியத்தையும் பிரித்தறியுங்கள்

தேவை என்பது உடலும் அன்றாட வாழ்வும் கேட்பது: மூச்சு வாங்காமல் ஏறுவது, முதுகுவலியின்றி உட்கார்வது, இரவில் நன்றாகத் தூங்குவது. விழுமியம் என்பது எதற்காக அதைக் கேட்கிறீர்கள் என்பது: பிள்ளைகளோடு ஓடியாடுவது, முதுமையிலும் பிறர் கையை எதிர்பார்க்காமல் இருப்பது, சொன்ன சொல்லைக் காப்பது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்’ என்று மூன்று முறை கேட்டுப் பாருங்கள். ‘எடை குறைய வேண்டும்’ என்பதற்கு ‘உறவினர் கேலி செய்கிறார்கள்’ என்பதற்கு மேல் பதில் வராவிட்டால், அந்த இலக்கு உங்களுடையதல்ல, அவர்களுடையது. கேலி நின்றவுடன் அல்லது பழகியவுடன் பயிற்சியும் நின்றுவிடும்.

மூன்றாம் படி: மூன்று கேள்விகளால் சோதியுங்கள்

உளவியலாளர்களான எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும், மனிதனின் ஊக்கம் நிலைக்க மூன்று அடிப்படைத் தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருக்கிறோம் என்ற உணர்வு. உங்கள் மனத்தில் இருக்கும் பயிற்சி இந்த மூன்றில் எதை அளிக்கிறது என்று பாருங்கள். பேச்சுத் துணை இருந்தால் மட்டுமே நடக்கப் பிடிக்கும் ஒருவர் ஆள்நடமாட்டமில்லாத விடியற்காலையில் தனியாக ஓடத் திட்டமிட்டால், அவர் கைவிடுவதற்குச் சோம்பல் காரணமல்ல. தனிமையை விரும்புபவருக்குக் கூட்டமான உடற்பயிற்சிக் கூடமும் அப்படித்தான்.

நான்காம் படி: இலக்கைச் செயலாக மாற்றுங்கள்

எண் இப்போதுதான் வர வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பிலோ ஈடுபட வேண்டும் என்றும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. எதுவும் செய்யாமல் இருப்பதைவிடச் சிறிதளவு செய்வதும் நல்லதே என்றும் அது சொல்கிறது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. என் மாடிப்படி வரி, ‘செவ்வாய், வெள்ளி மாலைகளில் பல் துலக்கியதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, இரண்டு சுற்று’ என்று மாறியது. நாள், நேரம், அளவு மூன்றும் அதில் இருக்கின்றன. இதய நோயோ நெஞ்சுவலியோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஐந்தாம் படி: நான்கு வாரம் கழித்து முதல் வாரக் குறிப்பைப் படியுங்கள்

உடலில் நீரின் அளவு மாறுவதாலேயே எடை ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஏறி இறங்கக்கூடும் என்பதால், அதைத் தினமும் பார்த்து மனம் தளர வேண்டாம். அதற்குப் பதிலாக, முதல் வாரத்தில் உங்களை நிறுத்திய அதே செயலை அதே சுமையோடு மீண்டும் செய்து பாருங்கள். பழக்கம் படிவதற்கும் அவகாசம் கொடுங்கள்; லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் அதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. குறிப்பைப் படிக்கும்போது அந்தக் காரணம் இப்போது உங்களுக்குப் பொருட்டாகப் படவில்லை என்றால், பயிற்சியைக் கூட்டவோ குறைக்கவோ முனையாமல் இரண்டாம் படிக்குத் திரும்பி, புதிய பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.