இடுப்பு முன்னே தள்ளுகிறதா? வீடியோவையும் உடலையும் சேர்த்துப் பாருங்கள்

கோல்ஃபில் பந்தை அடிக்க மட்டை இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி நகர்ந்து, உடல் நிமிர்ந்துவிடுவது புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. பயிற்சியாளர்கள் இதை 'எர்லி எக்ஸ்டென்ஷன்' என்பார்கள். இடுப்பு முன்னே வந்தால் கைகளுக்கு இறங்க இடம் இருக்காது. "குனிந்தே இருங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும், உடல் இடம் கொடுக்காவிட்டால் அது நடக்காது. 2003இல் கிரெக் ரோஸும் டேவ் பிலிப்ஸும் அமெரிக்காவில் தொடங்கிய டைட்டிலிஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற கோல்ஃப் நிறுவனம், ஸ்விங்கையும் (மட்டையை வீசும் அசைவு) உடலையும் இணைத்துப் பார்க்கும் இந்த முறையைப் பரப்பியது. அதன் எளிய வடிவத்தை நீங்களே செய்யலாம். கீழே உள்ளவை வலது கை ஆட்டக்காரருக்கானவை.

படி 1: படம் பிடித்தல்

எல்லாம் கேமராவின் இடத்தைப் பொறுத்தது. பந்திலிருந்து இலக்கை நோக்கிப் போகும் கோட்டுக்கு இணையாக, இலக்குக்கு எதிர்ப்பக்கத்தில் உங்களிடமிருந்து சில மீட்டர் தள்ளி, பந்துக்கு நேராக அல்லாமல் கைகளுக்கு நேராக ஸ்டாண்டை வையுங்கள். உயரமும் கைகளின் உயரமே. கேமரா சற்று விலகினாலும் நல்ல ஸ்விங் தவறாகத் தெரியும். தவறானது சரியாகத் தெரியும். போன் கேமராவில் ஸ்லோ மோஷனை, முடிந்தால் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில், வைத்து நல்ல வெயிலில் எடுங்கள். ஏழாம் எண் அயர்ன் (நடுத்தர நீள மட்டை) போதும். ஒரே அடியை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

படி 2: ஒரு கோடு

தொடக்க நிலையில் பிட்டத்தைத் தொடும்படி திரையில் செங்குத்துக் கோடு வரையுங்கள். கிளப் (மட்டை) மேலே போகும்போது வலது பிட்டமும், இறங்கும்போது இடது பிட்டமும் கோட்டை ஒட்டியிருக்க வேண்டும். பந்தை அடிக்கும் முன்பே இடைவெளி விழுந்தால், அதுதான் நாம் தேடும் பிழை.

படி 3: உடல் சோதனை

வலி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கால்களைத் தோள் அகலத்தில் நேராக வைத்து, கிளப்பைத் தலைக்கு மேல் பிடித்து, குதிகால் எழாமல் முழுமையாகக் குந்துங்கள். முடியவில்லையா? கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மீண்டும் குந்துங்கள். இப்போது முடிந்தால், இறுக்கம் பெரும்பாலும் தோளிலோ மேல் முதுகிலோ இருக்கும். அப்போதும் முடியாவிட்டால் கணுக்காலைச் சோதியுங்கள்: கால்விரலைச் சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் தரையில் இருக்க, முழங்காலால் சுவரைத் தொட முடிய வேண்டும்.

அடுத்து, நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து அமர்ந்து, தோள்மேல் கிளப்பை வைத்துத் திரும்புங்கள். இருபுறமும் 45 டிகிரியாவது வர வேண்டும்.

படி 4: பொருத்திப் பார்த்தல்

வீடியோவில் இடைவெளி இருந்து, குந்தவும் முடியவில்லை என்றால், அந்த இறுக்கத்தைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். ஸ்விங் திருத்தத்தைப் பிறகு பார்க்கலாம். சோதனைகளில் தேறியும் இடைவெளி விழுந்தால், நிற்கும் நிலையையும் கிளப்பின் நீளத்தையும் பயிற்சியாளர் பார்க்கட்டும். சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுக்கும்போது ஒப்பிட வசதியாக, ஸ்டாண்ட் வைத்த தூரத்தையும் உயரத்தையும் இன்றே குறித்துவையுங்கள்.