பின்னாலிருந்து இடிபட்ட காரை இன்சூரன்ஸில் சரிசெய்வது: பம்பர் கழற்றும் நாள்தான் முக்கியம்

"இடித்தது அவர்தானே, அப்போ அவருடைய இன்சூரன்ஸ்தானே எனக்குப் பணம் தரணும்?" பின்னாலிருந்து இடி வாங்கிய எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

சட்டப்படி கேள்வி சரி. முன்னால் போகும் வண்டியிலிருந்து போதிய இடைவெளி விடுவது பின்னால் வருபவரின் பொறுப்பு. அவருடைய பாலிசியில் உள்ள தேர்டு பார்ட்டி பகுதி, பிறர் சொத்துக்கு வரும் சேதத்தைப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை ஏற்கும். ஆனால் அதை வாங்க, போலீஸில் புகார் பதிந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அப்புறம் வக்கீல், வாய்தா. உங்களிடம் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை. முழு பாலிசி இருப்பவர்கள் நம் சொந்த நிறுவனத்திடம் "ஓன் டேமேஜ்", அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான கிளெய்ம் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இந்தப் பதிவு அந்த வழியைப் பற்றியது. வேளச்சேரி சிக்னலில் நின்றிருந்த என் காரில் ஒரு சரக்கு வேன் வந்து மோதியபோது நான் செய்ததையும், அதன்பின் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன். என்னுடையது நாலாவது வருஷத்தில் ஓடும் சின்ன ஹேட்ச்பேக்.

முதல் படி: ரோட்டிலேயே

யாருக்கும் அடியில்லை என்று உறுதி செய்துகொண்டு போனை எடுங்கள். இரண்டு வண்டியின் நம்பர் பிளேட்டும் சாலையும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து சில படங்கள். அப்புறம் கிட்டே. எதிராளியின் லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி மூன்றையும் படமெடுங்கள். காகிதம் இல்லை என்பார். டிஜிலாக்கரில் காட்டச் சொல்லுங்கள்.

பலரும் செய்யாத ஒன்று: டிக்கியைத் திறந்து, பாயைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைப் படமெடுங்கள். டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து அதையும் எடுங்கள். ஏன் என்று நாலாம் படியில் தெரியும்.

எதிராளி நல்லவராக இருந்தால் "ஐயாயிரம் தர்றேன், முடிச்சுக்கலாம் சார்" என்பார். ரோட்டில் நின்றுகொண்டு அந்தத் தொகை போதுமா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதைய பம்பர் பிளாஸ்டிக். இடி வாங்கியதும் உள்ளே போய், திரும்பவும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வெளியே ரெண்டு கீறல், உள்ளே தகரம் மடங்கியிருக்கும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டும் தராதீர்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உண்டு. அதை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் கிளெய்மிலேயே சிக்கல் வரும்.

காயம் இல்லாத சின்ன சேதத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். கேட்க மாட்டார்கள். ஆனாலும் எதிராளி முறைத்தால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லது.

இரண்டாம் படி: கிளெய்ம் போடலாமா, வேண்டாமா

தப்பு யார் பக்கம் இருந்தாலும், ஓன் டேமேஜ் கிளெய்ம் வாங்கினால் உங்கள் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யத்துக்கு இறங்கும். இடிபட்டவனுக்கே தண்டனையா என்று எனக்கும் கோபம்தான். விதி அப்படி.

போனஸ் படிகள் 20, 25, 35, 45, 50 சதவீதம். இப்போது உங்களுக்கு 35 என்று வையுங்கள். கிளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் 45, அதன்பின் 50, 50, 50, 50. கிளெய்ம் போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தைக் கூட்டினால் 45, 30, 25, 15, 5. ஆக மொத்தம் 120 சதவீதம். போனஸ் கழிக்கும் முன் உள்ள ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால், ஐந்து வருஷத்தில் 14,400 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கார் பழசாக ஆக பிரீமியம் குறையும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாக வரும். எல்லோரும் அடுத்த வருஷக் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள், அது பாதிக் கணக்கு.

ஆகவே பம்பர் பெயிண்டிங் மட்டும் என்றால் கைக்காசில் முடித்துவிடுங்கள். டிக்கிக் கதவு, டெயில் பேனல் (பம்பருக்கு உள்ளே இருக்கும் பின்பக்கத் தகரம்) என்று போனால் கிளெய்ம். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் இணைப்பு) எடுத்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

மூன்றாம் படி: தகவல் சொல்வது

நிறுவனத்தின் செயலியிலோ இலவச எண்ணிலோ அன்றைக்கே சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். ஏஜென்ட் "நான் பார்த்துக்கறேன்" என்றாலும் நீங்களே செய்யுங்கள். ஏஜென்ட் மறந்தால் தாமதம் உங்கள் கணக்கில் ஏறும். அதன்பின் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வையுங்கள். போனில் பேசியதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

படிவத்தில் விபத்து விவரம் கேட்பார்கள். கதை வேண்டாம். தேதி, நேரம், இடம், சிக்னலில் நின்றிருந்தேன், பின்னால் வந்த இந்த எண் வேன் மோதியது. போதும். போன தீபாவளிக்குக் கதவில் விழுந்த கீறலையும் இதோடு சேர்க்கலாமே என்று ஆசை வரும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் துருவைப் பார்த்தே வயசு சொல்லிவிடுவார்.

எந்தப் பணிமனை? என் கருத்து: பம்பர், விளக்கு மட்டும் என்றால் தெரிந்த லோக்கல் டிங்கரிங் கடையே போதும். தகரம் மடங்கியிருந்தால், உங்கள் பாலிசிக்கு கேஷ்லெஸ் வசதி (நிறுவனம் தன் பங்கை நேராகப் பணிமனைக்கே கட்டுவது) உள்ள கம்பெனி பணிமனைதான். பாடியை இழுத்து நேர் செய்யும் பெஞ்ச் அங்கேதான் இருக்கும்.

நான்காம் படி: பம்பரைக் கழற்றும் நாள்

இதில்தான் பணம் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

மதிப்பீடு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே நிறுவனத்தின் ஆளே பார்க்கலாம், அல்லது "வீடியோ எடுத்து அனுப்புங்க" என்பார்கள். பின்பக்க இடிக்கு இந்த வீடியோ சர்வே எனக்குப் பிடிக்காது. கேமராவுக்குத் தெரிவது பிளாஸ்டிக் தோல் மட்டும். "பம்பரைக் கழற்றி ஆள் நேரில் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். சர்வேயர் வரும் நேரத்தைப் பணிமனையில் கேட்டு, முடிந்தால் நீங்களும் அங்கே இருங்கள்.

என் விஷயத்தில் சர்வேயர் வந்தார், பம்பர், ஒரு டெயில் லேம்ப், டிக்கிக் கதவில் டிங்கரிங், பெயிண்டிங் என்று எழுதிக்கொண்டு போனார். பம்பர் அப்போது கழற்றப்படவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பணிமனையிலிருந்து போன்: "சார், உள்ள டெயில் பேனல் மடங்கியிருக்கு, ஸ்டெப்னி கிட்ட ஃப்ளோரும் கொஞ்சம் சுருங்கியிருக்கு. நீங்க சரின்னா வேலைய ஆரம்பிச்சிடறோம்."

இந்த இடத்தில் "சரி" சொல்லிவிட்டால் அந்த வேலை சர்வேயர் கணக்கில் இருக்காது. கடைசி பில்லில் "வாடிக்கையாளர் பங்கு" என்ற வரியில் வந்து நிற்கும். அவர் பார்க்காத சேதத்துக்கு அவர் ஒப்புதல் தர முடியாது. தட்டி நிமிர்த்திய பிறகு பார்ப்பதற்கும் எதுவும் இருக்காது. நீங்கள் சொல்ல வேண்டியது: "வேலையை நிறுத்துங்க. கூடுதல் எஸ்டிமேட் போட்டு சர்வேயருக்கு அனுப்புங்க. அவர் மறுபடி வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் எதையும் வெட்டாதீங்க, தட்டாதீங்க." அதே நாளில் கிளெய்ம் எண் போட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்.

மறு ஆய்வுக்கு வந்தவர் கேட்டது, இந்த மடிப்பு இதே விபத்தில் வந்ததா, முன்னாடியே இருந்ததா என்று. முதல் படியில் எடுத்த ஸ்டெப்னிப் பள்ளத்தின் படம் இங்கேதான் உதவியது. தேதியோடு, வேனின் நம்பரும் அதே வரிசைப் படங்களில் இருந்தது. அங்கேயே ஒப்புக்கொண்டார்.

குவார்ட்டர் பேனல், அதாவது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தகரம், அடிபட்டிருந்தால் இன்னொரு கேள்வி வரும்: வெட்டி மாற்றுவதா, தட்டிச் சரிசெய்வதா? அது போல்ட்டில் மாட்டியது இல்லை, பாடியோடு வெல்டிங் செய்தது. தட்டி எடுக்க முடிந்தால் தட்டுவதே மேல். கம்பெனி வெல்டிங்கைப் போல அப்புறம் எந்த வெல்டிங்கும் வராது. புதுசு போட்டால் பில் பெரிசாகும் என்பதால் பணிமனை மாற்றத்தான் சொல்லும். சர்வேயர் தட்டச் சொன்னால் கஞ்சத்தனம் என்று சண்டை போடாதீர்கள்.

ஐந்தாம் படி: பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு

"பம்பர் டு பம்பர்" என்று விற்கப்படும் நில் டெப் ஆட்-ஆன் இல்லையென்றால் தேய்மானம் பிடிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்கு எதுவும் இல்லை. உலோகத்துக்குக் காரின் வயதுப்படி: 1 முதல் 2 வருஷத்துக்கு 10, 2 முதல் 3 வருஷத்துக்கு 15, 3 முதல் 4 வருஷத்துக்கு 25, 4 முதல் 5 வருஷத்துக்கு 35. பெயிண்டிங்கில் மொத்தத் தொகையின் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்து, அதில் பாதி. 10,000 ரூபாய் பெயிண்டிங் என்றால் உங்கள் பங்கு 1,250. ஐயாயிரம் பிடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். கூலிக்குத் தேய்மானம் கிடையாது.

இதுபோக ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய கட்டாயக் கழிவு, 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. நில் டெப் இருந்தாலும் இது உண்டு. கிளிப், சீலன்ட் போன்ற சில்லறைச் சாமான்களுக்குத் தனி ஆட்-ஆன் இல்லாவிட்டால் அதுவும் நம் கையிலிருந்துதான்.

ஆறாம் படி: வண்டியை எடுக்கும் முன்

திருப்திக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு முன் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டிக்கி இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, ரிவர்ஸ் சென்சார் சத்தம் போடுகிறதா, சைலன்சர் எங்காவது உரசுகிறதா. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, தட்டிய தகரத்தில் வையுங்கள். நல்ல இடத்தில் பற்றுகிற அளவுக்குப் பற்றாமல் வழுக்கினால் உள்ளே பட்டி தடிமனாக அப்பியிருக்கிறார்கள்.

அப்புறம் தண்ணீர். வாட்டர் வாஷ் பகுதிக்கு ஓட்டிப் போகச் சொல்லி, டிக்கிக் கதவின் விளிம்பிலும் விளக்குகளைச் சுற்றியும் நிதானமாக ஹோஸைப் பிடிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஸ்டெப்னியைத் தூக்கி, பள்ளத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். டெயில் பேனல் மாற்றிய வண்டிகளில் சீலன்ட் சரியாகப் போடாவிட்டால் இங்கேதான் தண்ணீர் தேங்கும். ஐப்பசி மழையில் வீட்டு வாசலில் கண்டுபிடிப்பதைவிட இது தேவலை.

இழுத்தடித்தால்? 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா புகார்த் தளம் அல்லது 155255 என்ற எண். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (குறைகேட்பு அதிகாரி) அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பின்சேர்க்கை: பதிவைப் படித்தவர்கள் கேட்டவை

புகைச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தால் கிளெய்ம் போய்விடுமா என்று ஒருவர் பயந்து எழுதியிருந்தார். அதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அபராதம் வேறு விஷயம்.

பழைய கார் வாங்கியவர் ஒருவருக்கு ஆர்.சி. பெயர் மாறிவிட்டது, பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. இது நிஜமான சிக்கல். தேர்டு பார்ட்டி பகுதி தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் வராது. வாங்கிய 14 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். பழையவரின் போனஸ் அவரோடு போய்விடும், வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

இன்னொரு வாசகரின் வண்டியை யாரோ பின்னாலிருந்து இடித்ததில், அது முன்னால் நின்ற காரில் போய் முட்டிவிட்டது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் தனித்தனி கிளெய்ம் போடச் சொல்கிறதாம் பணிமனை. வேண்டாம். ஒரே இடியில் நடந்தது ஒரே சம்பவம், ஒரே கிளெய்ம் எண், கட்டாயக் கழிவும் ஒரு தடவைதான். படிவத்தில் "பின்னாலிருந்து மோதியதால் தள்ளப்பட்டு முன் வண்டியில் முட்டியது" என்று ஒரே வாக்கியமாக எழுதுங்கள். முன்னால் நின்றவர் உங்கள் மேல் புகார் கொடுக்க வாய்ப்பு உண்டு என்பதால், இந்த வகை விபத்தில் மட்டும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். உங்கள் புகாரில் மூன்று வண்டிகளின் எண்ணும் இருக்கட்டும்.